நூறில் முட்டி நிற்கும் ரூட்டர்

வீட்டுக்குக் கணினி வாங்கும்போது பணத்தையெல்லாம் பெட்டியில் கொட்டிவிட்டு ரூட்டரில் மிச்சம் பிடிக்கிறார்கள். எனக்கு இது ஏற்பில்லை. மலிவான ரூட்டர்கள் பலவற்றில் இணைய வயர் நுழையும் போர்ட்டே நொடிக்கு 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். அட்டைப்பெட்டியில் வைஃபை வேகம் 1200 என்று போட்டிருந்து என்ன பயன்? 300 மெகாபிட் இணைப்புக்கு மாதாமாதம் கட்டும் பணம் அந்தத் துளையிலேயே வீணாகிறது. கிகாபிட் போர்ட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சிக்கனத்தைக் கணினியில் காட்டலாம். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய டெஸ்க்டாப்புகள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். எஸ்எஸ்டி போட்டு, ராமை 16 ஜிபி ஆக்கினால் பிள்ளைகளின் படிப்புக்குத் தாராளம். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்: விண்டோஸ் 11 அவற்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.