வலை பின்னாத வேட்டைக்காரன்

நூல் விடத் தெரிந்தும் இரைக்காக வலை பின்னாத சிலந்தி ஒன்று உண்டென்றால் நம் நெசவாளர் அங்கத்தினர்கள் வியப்படையக்கூடும். உழவர் அங்கத்தினர்களோ அதை வரப்பிலும் நெற்குத்தின் அடியிலும் அடிக்கடி காண்கிறார்கள். ஆயினும் அதன் அருமையை உணர்ந்தவர் சிலரே. ஓநாய்ச் சிலந்தி என்பது அதன் பெயர். கடன் கணக்கைத் தணிக்கை செய்பவனுக்குச் சிலந்தியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். பூச்சிமருந்துச் செலவு உழவரின் கடனில் ஒரு பகுதியாக இருக்கும் வரையில், அச்செலவைக் குறைக்கும் எந்த உயிரும் கூட்டுறவுக்கு அந்நியமன்று என்பதே என் கருத்து.

இச்சிலந்திக்குக் கண்கள் எட்டு; அவை மூன்று வரிசைகளில் அமைந்தவை. நடு வரிசையிலுள்ள இரண்டும் பெரியவை. இரவில் விளக்கொளி பட்டால் பளிச்சென மின்னும். இரை வந்து சிக்கட்டும் என்று இது காத்திருப்பதில்லை. பார்வையாலும் அதிர்வாலும் இரையின் இருப்பிடத்தை அறிந்து பாய்ந்து பற்றுகிறது. தேங்கிய நீரின் மேலும் ஓட வல்லது. பெண் சிலந்தி நூலால் முட்டைப் பையைச் சுற்றி உடலின் பின்முனையில் சுமந்து திரியும். குஞ்சுகள் வெளிவந்தபின் அவற்றை முதுகில் ஏற்றிக்கொள்ளும். நெல்வயலில் வாழும் இனத்தில் ஒரு தாய் 60 முதல் 80 குஞ்சுகள் வரை சுமப்பதுண்டு. வளர்ந்த சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகளை உண்ணும். புகையானும் பச்சைத் தத்துப்பூச்சியும் அவற்றுள் அடங்கும்.

வரப்புப் புல்லும் வைக்கோலும் இதற்குப் புகலிடம். வயலைச் சேறடித்த சில நாட்களிலேயே உள்ளே குடியேறிவிடும். மக்கும் தழையிலும் சேற்றிலும் பெருகும் சிறு பூச்சிகளைத் தின்று, பயிரின் பகைவர் வரும்வரை உயிர் வாழும். அந்த முற்பருவத்தில் அவசரப்பட்டு மருந்து தெளித்தால், பகை வருமுன்னரே காவலை நீக்கியவர்களாகிறோம்.

புகையான் இலையுறைக்குள் முட்டையிடுகிறது. மேலே தெளிக்கும் மருந்து பெரும்பாலும் அம்முட்டைகளை எட்டுவதில்லை. வெளியே திரியும் சிலந்தியோ மடிகிறது. பின்னர்ப் பொரிக்கும் குஞ்சுகளுக்கு எதிரியே இல்லை. சில மருந்துகளைத் தெளித்தபின் புகையான் முன்னிலும் பெருகியதைப் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆய்ந்து கண்டனர். இந்தோனேசிய அரசாங்கம் 1986இல் 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாதென்று தடைசெய்தது. மருந்துக்கு அளித்துவந்த மானியத்தையும் 1989இல் நீக்கியது. அதனால் அந்நாட்டின் நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை.

மருந்தே கூடாது என்பது என் வாதமன்று; எண்ணிப் பார்த்து அடிக்க வேண்டும் என்பதே. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் காணப்பட்டால் மருந்தடிக்கலாம். குத்துக்கு 1 சிலந்தி இருக்குமாயின் தூருக்கு 2 வரை பொறுக்கலாம் என்பது தமிழ்நாட்டு வேளாண் வல்லுநர்கள் கூறும் கணக்கு. சிலந்திக்கும் வரவுப் பத்தியில் இடமளிக்கும் கணக்கு இது.

மருந்து விற்பனையால் சங்கத்துக்குச் சிறிது இலாபம் கிடைக்கலாம். அங்கத்தினரின் வீண் கடனிலிருந்து வரும் இலாபம் சங்கத்துக்கு உண்மையில் இலாபமாகுமா? ஆகவே நிர்வாகக் குழுவினர் மூன்று காரியங்களைச் சிந்திக்க வேண்டும். கடன் பெறும் உழவர் தேவையின்றி மருந்து வாங்கும் நிலை ஏற்படலாகாது. மருந்து கேட்டு வருபவரிடம், வயலில் இறங்கிப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணினீரா என்று கேட்கும் வழக்கம் வேண்டும். வரப்புப் புல்லைத் தீயிடாமல் விடவும், வயலில் ஆங்காங்கே வைக்கோல் கட்டுகளை வைக்கவும் பொதுக்குழுவில் ஒருமித்து முடிவு செய்ய வேண்டும்.

இதை ஒருவர் மட்டும் செய்து பெறும் பயன் சிறிது. புகையான் வயல்விட்டு வயல் பறந்து செல்லும். வரப்போ இருவருக்கும் பொது. ஊர் கூடிச் செய்யவேண்டிய காரியத்துக்குத்தானே சங்கம் கண்டோம்? அடுத்த நடவுக்கு முன் கூடும் கூட்டத்தில், உரம், விதை ஆகியவற்றோடு இதனையும் அங்கத்தினர்கள் விவாதிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.