முதல் தீர்த்தம் யாருக்கு?

தமிழ்நாட்டுக் கோயில்களில் மரியாதை என்பது கையில் வாங்கக்கூடிய பொருள். சிவன் கோயிலில் விபூதி, சுவாமிக்குச் சாத்திய மாலை. பெருமாள் கோயிலில் தீர்த்தம், துளசி, சடாரி. இரண்டிலும் முக்கியஸ்தர் தலையில் கட்டும் பரிவட்டம். தீர்த்தமும் விபூதியும் வந்தவர் எல்லோருக்கும் கிடைப்பவை. சண்டை மூளுவது வரிசையில்தான். அர்ச்சகர் தீர்த்த வட்டிலோடு திரும்பும்போது முதலில் நீளும் கை யாருடையது என்பதில் நிலம், சாதி, பழைய திருப்பணிக் கணக்கு எல்லாம் அடங்கிக் கிடக்கும். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலை ஆராய்ந்த மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை, தெய்வத்தை அரசராகவும் மரியாதைகளை அந்த அரசர் பங்கிட்டுத் தரும் செல்வமாகவும் விளக்கினார். பங்கு என்று வந்துவிட்டால் வழக்கும் வரும்.

வெள்ளையர் காலந்தொட்டே இந்த வழக்குகள் நீதிமன்றப் படியேறி வருகின்றன. யாருக்கு முதல் தீர்த்தம் என்று நீதிபதி தீர்மானிக்க வேண்டியிருந்தது சற்று விசித்திரமான நிலைமைதான். ஆழ்வார்திருநகரிக் கோயில் மரியாதை குறித்து இரு ஜீயர்களுக்கிடையே எழுந்த வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: வெறும் மரியாதையை மட்டும் கேட்டு சிவில் நீதிமன்றத்துக்கு வர முடியாது, கோயிலில் ஒரு பதவி இருந்து, அதற்குரிய ஊதியம் போல மரியாதையும் சேர்ந்திருந்தால் வரலாம். பதவி இல்லாத மரியாதைக்கும் போக ஒரு கதவு உண்டு. 1959ஆம் ஆண்டின் அறநிலையத் துறைச் சட்டம், 63ஆம் பிரிவில், வழக்கப்படி மரியாதைக்கு உரியவர் யார் என்று தீர்மானிக்கும் பொறுப்பைத் துறை அதிகாரியிடம் விட்டிருக்கிறது.

பதவியையும் பெருமையையும் பிரித்துப் பார்க்கும் இதே போக்கு அரசியலமைப்பிலும் உண்டு. வெள்ளையர் ஆட்சி தந்த ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களின் காலம் முடிந்தது என்று அறிவிக்கும் 18ஆவது உறுப்பு, அரசு பட்டம் வழங்கக் கூடாது என்கிறது. விலக்கு இரண்டே: ராணுவத் தகுதி, கல்வித் தகுதி. பத்ம விருதுகள் இந்தத் தடையில் சிக்குமா என்ற கேள்விக்கு, அவை பட்டங்கள் அல்ல, ஆனால் பெயருக்கு முன்னும் பின்னும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. அழைப்பிதழ் அச்சடிப்பவர்கள் அந்தத் தீர்ப்பைப் படித்ததாகத் தெரியவில்லை.

கல்விக்குக் கிடைத்த விலக்கும் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தப்பட்டது. அரசியலமைப்பு வருவதற்கு முன்பே, 1932இல், உ.வே.சாமிநாதையருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது, அவர் பதிப்பித்த சங்க நூல்களும் காப்பியங்களும் அதற்கு முன்பே தமிழர் கையில் இருந்தன. பின்னாளில் அதே பட்டம் செல்வாக்கு உள்ளவர்களுக்கு மேடையில் போர்த்தும் பொன்னாடையாகிப் போனது. மேடைகளிலோ கோயில் வரிசை அப்படியே தொடர்கிறது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை என்று அச்சாகும் பெயர்களில் ஒன்று இடம் மாறினாலும் மனத்தாங்கல். பேச எழுந்தவர் ஒவ்வொருவரையும் ‘அவர்களே, அவர்களே’ என்று விளித்து முடிப்பதற்குள் கூட்டம் பாதி கலைந்துவிடும்.

வரிசையே வேண்டாம் என்று கேட்டது சுயமரியாதை இயக்கம். 1929இல் செங்கல்பட்டில் கூடிய அதன் முதல் மாகாண மாநாடு, பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் சாதி இல்லாததற்கு அந்த இயக்கம் முக்கியக் காரணம். கோயில் வாசலில் அதன் வேகம் குறைந்துபோனது. தேவகோட்டைக்கு அருகே கண்டதேவியில், சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் ஆனித் தேரை, சுற்றுவட்டார ஊர்த்தொகுதிகளான நான்கு நாடுகளின் தலைவர்கள், அதாவது நாட்டார், முன்னின்று இழுப்பது வழக்கம். 1990களின் இறுதியில் தலித் மக்கள் தாங்களும் வடம் பிடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அது எந்தப் பதவியோடும் சேர்ந்த மரியாதை அல்ல. பரிவட்டமும் கேட்கவில்லை, முதல் விபூதியும் கேட்கவில்லை. ஆகவே 1961இன் அளவுகோலுக்கு அங்கே வேலையில்லை. சமத்துவ உரிமையின் பேரில்தான் வழக்காட வேண்டியிருந்தது. இடையில் பல ஆண்டுகள் தேர் நிலையை விட்டே நகரவில்லை. உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 2024இல், ஏராளமான போலீஸ் பாதுகாப்போடு ஓடியது.