வலி ஜெல்... பர்ஸுக்கு வலிக்காமல் வாங்குவது எப்படி?

நாகர்கோவில் வடசேரி என்றதும் பஸ் ஸ்டாண்டும் கனகமூலம் சந்தையும் நினைவுக்கு வரும். பரதக் கலைஞர்களுக்கோ, புவிசார் குறியீடு பெற்ற கோயில் நகைகள். குனிந்தபடியே கல் பதிக்கும் வேலை, சந்தையில் மூட்டை தூக்கும் வேலை, நாள் முழுக்க நின்றே செய்யும் கடை வேலை என உடம்பை வாட்டும் வேலைகள் இங்கே அதிகம். விரல், கழுத்து, முழங்கால் என எங்கே வலித்தாலும் டாக்டர் சீட்டில் ஒரு ஜெல் இருக்கும். ‘ஒரு டியூப்தானே’ என்று தோன்றும். மாதக் கடைசியில்தான் செலவு தெரியும்.

ஒரு டியூப் எத்தனை நாள் வரும்?

அதிகம் எழுதப்படுவது டைக்ளோஃபினாக் ஜெல். வேளைக்கு 2 கிராம் வீதம் தினம் 3 வேளை தடவச் சொன்னால், ஒரு நாளைக்கு 6 கிராம். 30 கிராம் டியூப் 5 நாளில் காலி. மூன்று வாரத்துக்கு 4 டியூப்கூடப் போதாது.

இதற்குப் பயந்து பலர் மிளகளவு எடுத்துத் தடவுகிறார்கள். வலி குறையாது. ‘இது கேட்கலை’ என்று வேறு பிராண்ட் வாங்குவார்கள். அங்கேதான் பணம் வீணாகிறது. பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். 2 கிராம் என்றால் அதுபோல நான்கு முறை. மூட்டுத் தேய்மான வலியில் பலன் தெரிய ஒரு வாரம்கூட ஆகலாம்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

* டாக்டரிடமே ஜெனரிக் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படித் தெளிவாக எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சில் 2016-லேயே விதியைத் திருத்தியிருக்கிறது.

* அந்தச் சீட்டோடு மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள். மக்கள் மருந்தகத்தில் பிராண்ட் மருந்தைவிட 50 முதல் 90 சதவிகிதம் வரை விலை குறைவு என்கிறது அரசு. அருகில் எங்கே இருக்கிறது, என்ன விலை என்பதை ‘ஜன் ஔஷதி சுகம்’ செயலியில் பார்க்கலாம்.

* டியூப் விலையைப் பார்க்காமல், அதை கிராமால் வகுத்துப் பாருங்கள். பெரிய டியூப் லாபமா என்பது உடனே தெரிந்துவிடும்.

* மென்தால், ஆளிவிதை எண்ணெய் எல்லாம் சேர்த்த கலவை ஜெல் அவசியமா, தனி டைக்ளோஃபினாக் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

* ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினால், டாக்டர் எழுதி, இருப்பில் உள்ள மருந்து இலவசம்.

* 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. பில் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

அமெரிக்காவில் 2020 முதல் இந்த ஜெல்லைச் சீட்டு இல்லாமலே வாங்கலாம். ஆனாலும், டாக்டர் சொல்லாமல் 21 நாளுக்கு மேல் தடவக் கூடாது என்றே அங்கும் எச்சரிக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட ஜெல் உங்களுக்கும் சரிப்படும் என்று இல்லை. சிறுநீரகக் கோளாறு, குடல் புண், இதயநோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம். வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காயத்தின்மேல் தடவாதீர்கள். தடவியபின் கை கழுவுங்கள். கையிலேயே தடவியிருந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் கழுவினால் போதும்.

அடுத்த முறை சீட்டு வாங்கும்போது மூன்றே கேள்விகள்: மருந்தின் பெயர் என்ன, வேளைக்கு எவ்வளவு, எத்தனை நாள்? பதிலைச் சீட்டின் பின்னாலேயே குறித்து வைத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போங்கள்.