கற்றுக்கொள்ள வெட்கம் எதற்கு?



நான் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எந்த நூலகம் என்பது வேண்டாம். பஸ் ஏறிப் போய் வருகிற தூரத்தில் இருக்கிறது. வயது 54. வீட்டுக்காரர், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று உங்கள் வீட்டைப் போலத்தான் என் வீடும். புத்தகம் அடுக்குவது, பதிவேட்டில் ஏற்றுவது, யாருக்கு எது பிடிக்கும் என்று பார்த்து எடுத்துக் கொடுப்பது எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஆனால் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் ஒரு காலத்தில் எனக்குக் கை நடுங்கும்.

2019-ல் ஒரு சாயங்காலம். பூட்டப் போகிற நேரம். தினமும் வந்து படிக்கிற பிள்ளை ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். அரசு வேலைத் தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். எல்லாவற்றையும் நிரப்பி விட்டாளாம். போட்டோவும் கையெழுத்தும் மட்டும் ஏற மாட்டேன் என்கிறதாம். “அக்கா, இங்க கம்ப்யூட்டர் இருக்கே, கொஞ்சம் பாத்துத் தாங்களேன்” என்றாள். நானோ, “எனக்கு அதெல்லாம் அறியாது மக்களே, பிரவுசிங் சென்டருக்குப் போ” என்று சொல்லிப் பூட்டைக் கையில் எடுத்து விட்டேன். அவள் போனபோது அந்தக் கடையும் அடைத்திருந்ததாம். அவள் அம்மாவை ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோதுதான் அந்தத் தேர்வை அவள் எழுதவே முடியவில்லை என்பது தெரிந்தது. அந்தப் பிள்ளை அதற்கப்புறம் நூலகத்துக்கு வரவே இல்லை.

போட்டோவின் அளவு கூடுதலாக இருந்ததுதான் கோளாறு. குறைக்க இரண்டு நிமிஷம் போதும். இது எனக்கு இன்று தெரிகிறது. அன்று தெரியவில்லை. தெரியாதது கூடப் பெரிய குற்றம் இல்லை. ‘எனக்கு அது வேண்டாம், இந்த வயசில் எதற்கு’ என்று வருஷக்கணக்காகத் தள்ளிப் போட்டேனே, அதுதான் குற்றம். என் “அறியாது” என்ற ஒரு வார்த்தைக்கு விலை கொடுத்தது நான் அல்ல, அந்தப் பிள்ளை!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து நூலகம் மூடியபோது, வீட்டில் இருந்தபடியே கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். வாத்தியார் என் மகள்தான். ஆனால் பிள்ளைகளுக்குப் பொறுமை எங்கே இருக்கிறது? “இங்க தாங்கம்மா” என்று போனைப் பிடுங்கி, டக் டக்கென்று தட்டி, “முடிஞ்சுது” என்று நீட்டுவாள். நான் கற்றது ஒன்றுமில்லை. கடைசியில், “நீ தொடாதே பிள்ளே, வாயால் சொல்லு, என் விரல்தான் அமுக்கணும்” என்று கண்டிஷன் போட்டேன். சமையல் குறிப்பு எழுதுகிற மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு படியாக எழுதி வைத்தேன். தீயலுக்குத் தேங்காய் வறுப்பதை எந்தப் புத்தகம் படித்துக் கற்றோம்? இரண்டு தடவை கருக விட்டுத்தானே பதம் பிடிபட்டது! அது போல இதுவும் பிடிபட்டது.

முதலில் பழகியது தமிழில் டைப் அடிப்பது. தமிழ் 99 என்ற விசைப்பலகையை 1999-ல் நம் அரசு அங்கீகரித்தது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என 31 விசைகள். இவற்றைக் கொண்டே 247 எழுத்தும் வந்து விடுகிறது. ஒன்றாம் வகுப்பில் படித்த அதே கணக்கு! இங்கிலீஷ் தெரியாதே என்று நான் பயந்தது எவ்வளவு வீண் என்று அப்போது தெரிந்தது.

பிறகு இணையத்தில் புத்தகம் தேடக் கற்றேன். எண்பது வயது ஆச்சி ஒருவர் நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம் வேண்டும் என்று கேட்டார். பக்கத்துத் தேரூரில் 1876-ல் பிறந்த கவிமணி எழுதியது. அந்தக் கால மருமக்கள்வழிச் சொத்துரிமையால் நம் பெண்கள் பட்ட பாட்டைச் சொல்லும் நூல். எங்களிடம் பிரதி இல்லை. கம்ப்யூட்டரில் தேடி எடுத்து, எழுத்தைப் பெரிசாக்கி முன்னால் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆச்சி படித்தாரே, அன்று எனக்குச் சம்பளம் வாங்கியதை விடச் சந்தோஷம்! 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. யாழ்ப்பாணம் முதலிய இலங்கை ஊர்களின் நூல்களுக்கு நூலகம் என்ற பெயரிலேயே ஒரு தளம் இருக்கிறது. எதற்கும் காசு இல்லை. வீட்டில் இருந்தபடியே நீங்களும் படிக்கலாம்.

“எல்லாம் போனில் வந்தாச்சு, இனி உங்களுக்கு என்ன வேலை?” என்று என் மைனி கேலி செய்வாள். அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். நம் அம்மாக்கள் விரும்பிப் படித்த எழுத்தாளர் லக்ஷ்மி இருக்கிறாரே, 1984-ல் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியவர், அவர் பெயரை நூலகத்துப் பட்டியலில் தேடிப் பாருங்கள். ஒருவர் ‘லக்ஷ்மி’ என்று ஏற்றியிருப்பார், இன்னொருவர் ‘லட்சுமி’ என்று ஏற்றியிருப்பார். ஒன்றைத் தட்டினால் மற்றது வராது. டாக்டர் திரிபுரசுந்தரி என்றால் வேறு ஆள் என்றே மெஷின் நினைத்துக்கொள்ளும். மூன்றும் ஒருவரே என்று தெரிந்தவள் பக்கத்தில் இருந்தால்தான் புத்தகம் கைக்கு வரும்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் மெஷின் எல்லாப் போனிலும் வந்துவிட்டது. போன வருஷம் ஒரு கல்லூரி மாணவி அதில் கேட்டு வாங்கிய புத்தகப் பட்டியலோடு வந்தாள். ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் அழகாக இருந்தது. பல இடங்களில் தேடினேன். இரண்டு புத்தகங்களுக்கு எங்குமே தடயம் இல்லை. இல்லாத புத்தகத்தை இருக்கிறது என்று சொல்லிவிட்டிருக்கிறது! அதைச் சரிபார்த்துச் சொல்லவாவது எங்களைப் போன்றவர்கள் வேண்டாமா? ஆனால் சரிபார்க்க எனக்கும் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டுமே! பயந்து ஒதுங்கி இருந்திருந்தால் மைனி சொன்னது உண்மையாகி இருக்கும்.

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனை நூலக அறிவியலின் தந்தை என்கிறோம். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதும் ஒன்று. நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது என்பதும் ஒன்று. நூலகம் வளரும்போது அங்கே வேலை பார்க்கிறவள் மட்டும் வளராமல் நின்றால் எப்படி?

மேலிடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக எதையாவது கொண்டுவந்தால், பெரிய பதவியில் இருப்பவர்களை மட்டும் கூப்பிட்டு ஒரு நாள் கூட்டம் போட்டு, இங்கிலீஷில் படம் காட்டி அனுப்பி விடாதீர்கள். கவுண்டரில் வாசகர் முகத்தைப் பார்க்கிற கடைசி ஊழியர் வரை, தமிழில், கையால் தொட்டுச் செய்து பார்க்கிற மாதிரி, வேலை நேரத்திலேயே சொல்லிக் கொடுங்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் எங்களுக்கு அடுப்படி இருக்கிறது. அங்கே போய்ப் படித்துக்கொள் என்றால் நடக்கிற காரியமா?

வீட்டில் இருக்கும் சகோதரிகளே, நமக்கு இது புதிதா? கேஸ் அடுப்பு வந்தபோது வெடித்துவிடும் என்று பயந்தோம். குக்கர் விசில் அடித்தபோது எட்டி நின்றோம். இன்று அவை இல்லாமல் சமையல் உண்டா? பாங்க் பாஸ்புக், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் போனுக்குள் வந்துவிட்ட காலம் இது. ‘மகன் பார்த்துக்கொள்வான், அவர் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிடாதீர்கள். ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது என்பதில் இருந்து ஆரம்பியுங்கள். தெரியாததை நூலகத்தில் வந்து கேளுங்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம், கேட்க உரிமை உண்டு. அந்த நேரத்தில் அங்கே இருப்பவள் “எனக்கு அறியாது” என்று சொல்லாமல், “வாங்க, ரெண்டு பேரும் சேந்து பாப்போம்” என்று சொல்லவேண்டும். நான் இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளை எங்கே இருந்தாலும் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு தடவை நூலகத்துக்கு வரட்டும். எந்தத் தேர்வு என்றாலும் சரி, போட்டோவை நானே ஏற்றித் தருகிறேன்.

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்களேன்!

- ஒரு வாசகி,
கொட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.