வேலையை ஏற்குமுன் நாமும் கேள்வி கேட்போம்

என்னுடன் படிப்பவர்களில் பலர் ஸ்டார்ட்அப் நிறுவனங்களில் வேலை தேடுகிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. பெரிய நிறுவனத்தில் பல ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் பொறுப்பு, பத்துப் பேர் மட்டுமே வேலை செய்யும் இடத்தில் சில மாதங்களிலேயே கைக்கு வந்துவிடும். ஆனால், ஊழியர்களை அந்த நிறுவனம் எப்படி நடத்துகிறது என்பதைச் சேர்வதற்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும். அதற்குச் சட்டமும் ஒரு காரணம்.

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தில் வேலை நேரம், கூடுதல் நேரச் சம்பளம் பற்றிய பகுதி எல்லாருக்கும் உரியதன்று. அலுவலக ஊழியரின் மாத அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளியைத் தாண்டினால் அது அவருக்குப் பொருந்தாது. முழுநேர வேலையில் சேரும் பட்டதாரிகளில் பெரும்பாலோர் முதல் மாதமே அந்த வரம்பைக் கடந்துவிடுகிறார்கள். இரவு 10 மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்திக்குப் பதில் சொல்ல வேண்டுமா என்பதை அதன்பின் முடிவு செய்வது ஒப்பந்தமும் நிறுவனத்தின் பழக்கமும்தான்.

இலவசக் காப்பியும் மேசைப்பந்து விளையாட்டும் அந்தப் பழக்கத்தைக் காட்டித்தராது. நேர்முகத் தேர்வின் முடிவில், “உங்களுக்குக் கேள்வி உண்டா?” என்பார்கள். பெரியவர்களை எதிர்த்துக் கேட்கக்கூடாது என்று வளர்ந்த நம்மில் பலர், “இல்லை” என்று சிரித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். கிடைத்த ஒரே வாய்ப்பும் போய்விடுகிறது.

“வேலை, வாழ்க்கை சமநிலை உண்டா?” என்று கேட்டால் “உண்டு” என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். சென்ற வாரம் குழுவினர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார்கள்? இந்த வேலையை முன்பு செய்தவர் ஏன் விலகினார்? கடைசியாக ஒரு திட்டம் தோற்றபோது என்ன செய்தீர்கள்? முதலாளி இல்லாமல் ஓர் ஊழியரிடம் பேசலாமா?

“நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்” என்ற பதில் இனிமையாகத்தான் இருக்கும். ஆனால், குடும்பத்தில் யாரும் மணிக்கணக்குப் பார்ப்பதில்லை. சம்பளத்துக்கு உழைக்கும் இடத்தில் அந்தக் கணக்கு வேண்டும்.

குறைந்த சம்பளத்துக்கு ஈடாகப் பங்குரிமை தருவதாகச் சொன்னாலும் விவரம் கேளுங்கள். பொதுவாக அது நான்கு ஆண்டுகளில் பகுதி பகுதியாகவே நமக்குச் சொந்தமாகும். முதல் ஆண்டு முடிவதற்குள் விலகினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது.

முக்கிய வேலை நிபந்தனைகளை வேலையில் சேர்ந்த 14 நாள்களுக்குள் எழுத்துவடிவில் தரவேண்டும் என்கிறது சட்டம். கையெழுத்திடும் முன்பே அவற்றைக் கேட்பதில் தவறில்லை. தர மறுத்தால், அதுவும் ஒரு பதில்தான்.

வேலை கிடைப்பதே சிரமமாக இருக்கும்போது இத்தனை கேள்விகளா என்று சிலர் நினைக்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் அந்த வேலையை ஏற்கலாம். அப்போது எதை ஏற்கிறோம் என்பது தெரிந்திருக்கும். கண்டிப்பான ஒரு முதலாளியிடம் நிறையக் கற்றுக்கொள்ளவும் முடியும். கேள்வி கேட்டதற்காகவே ஒரு நிறுவனம் நம்மை வேண்டாம் என்றால், அங்கே நம் குரலுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்பது சேராமலேயே தெரிந்துவிடுகிறது.