கல்லைக் காப்பதா, நீரைக் காப்பதா?

பழைய கட்டடம் ஒன்றைக் காப்பது என்றால் என்ன? சுற்றிலும் வேலி அடைத்து, 'இது அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னம்' என்று ஒரு பலகையை நட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கோட்டைக்கும் கல்லறைக்கும் அது போதுமானதாக இருக்கலாம். நீரைச் சுமப்பதற்கென்றே எழுப்பிய கட்டடத்துக்கு அது போதவே போதாது என்பது என் துணிபு. இதற்கு இங்கிலாந்து நாட்டிலுள்ள டண்டாஸ் தொட்டிப்பாலத்தைச் சான்றாகக் காட்ட விரும்புகிறேன்.

கால்வாய் ஒன்று ஆற்றைக் கடப்பதற்காகக் கட்டும் பாலமே தொட்டிப்பாலம். மேலே படகு செல்லும் கால்வாய். கீழே ஓடும் ஆறு! ரெடிங் நகரையும் பிரிஸ்டல் நகரையும் இணைக்கும் கென்னட் - ஏவன் கால்வாய் 87 மைல் நீளமுடைய நீர்வழி. அது பாத் நகருக்கு அருகே ஏவன் ஆற்றைத் தாண்டவேண்டிய இடத்தில் ஜான் ரென்னி என்னும் பொறியாளர் இப்பாலத்தை அமைத்தார். 1797-இல் வேலை தொடங்கியது; 1805-இல் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 150 கெஜம். வளைவுகள் மூன்று, நடு வளைவின் அகலம் மட்டும் 64 அடி. கிரேக்கக் கோயில்களை நினைவூட்டும் அரைத்தூண்கள் அதற்கு அணி செய்கின்றன. கால்வாய்க் கம்பெனியின் தலைவராக இருந்த சார்லஸ் டண்டாஸின் பெயரையே பாலத்துக்குச் சூட்டினார்கள்.

ரென்னிக்குச் செங்கல்லின் மீதுதான் நம்பிக்கை. கம்பெனியாரோ அவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லே வேண்டும் என்றனர். அவர்கள் சொல்லே வென்றது. ஆனால் அழகிய அந்தக் கல் உறைபனியில் சிதைந்தது. பின்னாளில் சிதைந்த இடங்களைச் செங்கல் வைத்துத்தான் அடைக்க நேர்ந்தது!

1852-இல் கால்வாய் கிரேட் வெஸ்டர்ன் இரயில்வே கம்பெனியின் கைக்குப் போயிற்று. சரக்கெல்லாம் இரயிலேறிச் செல்ல, படகுகள் குறைந்தன. 1951-இல் டண்டாஸ் பாலம் தொல்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்நாட்டின் கால்வாய்க் கட்டுமானங்களுள் முதன்முதலாக அந்தப் பெருமையைப் பெற்றது இதுவே. பிறகு நடந்தது என்ன? மூன்றே ஆண்டுகளில், 1954-இல், நீர்க்கசிவு காரணமாகப் பாலம் மூடப்பட்டது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் படகு சென்ற தடத்தில் மனிதர் கால் நனையாமல் நடந்து சென்றனர். சட்டம் கல்லைக் காத்தது. கால்வாய் செத்துக் கிடந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அக்காலக் கால்வாய்களில் நீர் கசியாமலிருக்க, நீர் விட்டுப் பிசைந்த களிமண்ணைப் படுகையில் மிதித்து இறுக்குவார்கள். அது ஈரமாக இருக்கும் வரையில்தான் நீரைத் தடுக்கும், காய்ந்தால் வெடித்துவிடும். நீரைக் காப்பது களிமண். களிமண்ணைக் காப்பது நீர். பயன்பாட்டை நிறுத்திவிட்டுக் கட்டடத்தை மட்டும் காப்போம் என்பது எவ்வளவு பொருந்தாத பேச்சு என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

கால்வாய்க்கு உயிர் தந்தவர்கள் மக்களே. அதை மூடிவிடும் முயற்சியை எதிர்த்து 1956-இல் 20,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட விண்ணப்பம் அரசிக்குச் சென்றது. 1962-இல் கென்னட் - ஏவன் கால்வாய் அறக்கட்டளை தோன்றியது. தொண்டர்கள் ஆண்டுக்கணக்கில் சேற்றில் இறங்கி உழைத்தார்கள், பணமும் திரட்டினார்கள். டண்டாஸ் பாலத்தின் படுகையில் பாலிதீன் விரித்துக் கான்கிரீட் இட்டு, 1984-இல் மீண்டும் நீர் விட்டார்கள். 1990-இல் எலிசபெத் அரசியார் கால்வாய் முழுவதையும் திறந்துவைத்தார்.

'பதினெட்டாம் நூற்றாண்டில் தொடங்கிய கல் பாலத்துக்குள் பாலிதீனா? இது பழமையைக் கெடுப்பதல்லவா?' என்று கேட்போர் உண்டு. வரலாறு படிக்கும் மாணவனாகிய எனக்கும் பழமையின் மீது பற்று உண்டு. எனினும் ஒன்று கேட்கிறேன்: ரென்னி இப்பாலத்தை எதற்காகக் கட்டினார்? கரையில் நின்று அதன் தூண்களை வியப்பதற்காகவா? படகு போவதற்காகத்தானே! கண்ணுக்குத் தெரியாத படுகையில் புதுப்பொருளைச் சேர்த்து, கண்ணுக்குத் தெரியும் பழைய தொழிலை மீட்டுத் தந்ததே உண்மையான பாதுகாப்பு. உலர்ந்த தொட்டியை மாற்றாமல் அப்படியே விட்டிருந்தால் பழமையின் உடல் இருந்திருக்கும், உயிர் இருந்திராது.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடிக்க ஓங்கும் கையைத் தடுக்கச் சட்டம் தேவைதான். ஆனால் இடிக்கும் கையைத் தடுக்கும் சட்டத்துக்குக் கசியும் நீரை அடைக்கத் தெரியாது. அதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும், ஆண்டுதோறும் பராமரிப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கட்டடத்தால் இன்றும் நமக்குப் பயன் உண்டு என்ற எண்ணம் வேண்டும். ஆகவே, நண்பர்களே, பாதுகாக்கப்பட்ட நீர்க்கட்டுமானம் ஒன்றைப் பார்க்கச் சென்றால் பலகையைப் படிப்பதோடு நின்றுவிடாதீர்கள். உள்ளே எட்டிப் பாருங்கள். நீர் ஓடுகிறதா என்று பாருங்கள்.