கள்வன் என்னும் சொல்

பிறரை இகழ்தற்கு நம் மொழியிலுள்ள சொற்களுள், கள்வன் என்பதினும் எளிதாக வாயினின்று வெளிப்படுவது பிறிதொன்றுண்டோ என ஐயுறுகின்றோம். விடுதியில் ஒரு கைக்கடிகாரம் காணப்படாதாயின், தேடுதற்கு முன்னரே அறை பெருக்கும் ஏழையின்மீது அச்சொல் சென்று விழுகின்றது. எடுத்தவன் உடன்மாணவனாய் இருத்தலுங் கூடும் என்பது நமக்குத் தோன்றுவதேயில்லை.

பண்டையோர் இச்சொல்லைப் பலவாறு ஆண்டனர். தலைமக்கள் பிறரறியாது கொண்ட காதலைக் களவு என்றே இலக்கணநூலார் வழங்கினர். ஐங்குறுநூற்றிற் கள்வன் பத்து என்றொரு பகுதியுண்டு. திருடர் கதையை விரும்பி அதனைத் திறப்போர் ஏமாறுவர், ஆண்டுக் கள்வன் என்றது நண்டினை! குறுந்தொகையின் 25ஆம் பாட்டிற் கபிலர் காட்டும் தலைவியோ தன் காதலனையே கள்வன் என்கின்றாள். அவன் பொருளொன்றும் கவர்ந்தானல்லன். அவன் சொன்ன சொல்லைப் பொய்ப்பானாயின் தனக்குச் சான்று கூற எவருமிலர், ஆரல்மீன் பார்த்து நின்ற குருகன்றி. தான் நேரில் அறிந்த ஒருவனைக் குறித்தே அவள் பேசுகின்றாள் என்பது நோக்கத்தக்கது.

சிலப்பதிகாரத்தில் நிலைமை வேறு. தேவியின் சிலம்பைத் தானே கவர்ந்திருந்த பொற்கொல்லன் கோவலனைக் கள்வன் என்றான், வேந்தன் ஆராயாது நம்பினான், பழுதற்றவன் வெட்டுண்டான். கண்ணகியின் சிலம்பினின்று முத்தன்றி மாணிக்கம் தெறித்தபின்னரே, பாண்டியன் அச்சொல்லைத் தன்மீது ஏற்று உயிர் துறந்தான். அஃதாவது, அதனை முதலிற் கூறியவனே உண்மைக் கள்வன்.

பாண்டியன் பிழைத்தது ஒருவனிடத்து. குடிகுடியாகப் பிழைத்த சட்டமும் ஒன்றுண்டு. ஆங்கில அரசினர் வட இந்தியாவில் 1871ஆம் ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றினர்; 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை மாகாணத்தையும் பற்றியது. அதே மதுரையைச் சூழ்ந்த சீமையிற் பிறமலைக் கள்ளர் முதலியோர், செய்த குற்றம் யாதென வினவப்படாமலே, பிறந்த குடி பற்றிப் பெயர் பதியப்பட்டுக் கைரேகை கொடுக்க வேண்டியவராயினர். மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்றோரைக் காவலர் சுட்டனர், பலர் மாண்டனர். நம் மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947இல். இடைப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளிற் பிறந்த குழந்தைகள் பேசக் கற்குமுன்னரே பழி சுமந்தனர். இதற்காகத் தன்னைக் கள்வன் என்று கூறிக்கொண்ட அதிகாரி எவரையும் யாம் படித்ததில்லை.

ஆதலின், செயல் தெளியப்படுமுன் இச்சொல்லை எவர்மீதும் வழங்கலாகாதென்பதே எம் கொள்கை. விடுதிப் பலகையில் இனித் ‘திருடப்பட்டது’ என எழுதற்க. ‘காணவில்லை’ என்பது போதும். தேடுதல் வேண்டுமாயின், மாணவராகிய எம் பெட்டிகளே முதலில் திறக்கப்படுக.